குடும்பப் படத்துக்குப் பருவம் பார்ப்பது எப்படி?

குடும்பத்தோடு வெளியில் போய் நல்லதாக நாலு படம் எடுக்க வேண்டும் என்று முடிவானதும், எல்லோரும் முதலில் கேட்பது பூ எப்போது பூக்கும், இலை எப்போது சிவக்கும் என்பதைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் நாள் குறித்தேன். ஒரு முறை மரம் முழுக்கப் பூத்து நின்ற வாரத்தைச் சரியாகப் பிடித்தும்விட்டேன். வெயில் சாய்ந்து கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் இறங்கிய நேரத்தில், அந்த வீட்டின் மூன்று வயதுக் குழந்தைக்குக் கண் சொக்கிவிட்டது. படங்களில் பூ அத்தனை அழகாக இருக்கிறது. குழந்தையோ எல்லாப் படத்திலும் அம்மாவின் தோளில் முகம் புதைத்திருக்கிறாள். அவள் முகம் ஒன்றில்கூட இல்லை.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் வீட்டின் கடைக்குட்டிக்கு எது நல்ல நேரம் என்று பார்க்கிறேன். அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் எந்த மாதத்தில் வருகிறது என்பது அடுத்தது. அப்புறம் மழை, காற்று, சூடு. பூவும் இலையும் கடைசியில்தான். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: வீட்டின் நேரத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கப்போகிற ஒவ்வொருவரும் எப்போது எழுகிறார்கள், எப்போது பசிக்கிறது, எப்போது சிணுங்கத் தொடங்குகிறார்கள் என்று எழுதுங்கள். பகல் தூக்கம் தூங்கும் குழந்தை என்றால் எழுந்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் ஆன பிறகு வருவதுதான் அதன் நல்ல நேரம். அதற்கு ஒரு வட்டம் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் காலையில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று என்று இரண்டு வட்டங்கள் கிடைக்கும்.

எவ்வளவு நேரம் வேண்டும்? பெரியவர்கள் ஒரு மணி நேரம் நிற்பார்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை மனம் வைத்து நமக்குத் தருவது 20 நிமிடம், மிஞ்சினால் 30. அந்த 20 நிமிடத்தை நல்ல வெளிச்சத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் நம் வேலை.

கைக்குழந்தை இருந்தால் கணக்கு இன்னும் குறுகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. ஆகவே கோடை வேண்டாம், அல்லது நிழலில் மட்டும். தாத்தா பாட்டிக்குக் கடும் குளிரும் ஆகாது, புழுக்கமும் ஆகாது. பரீட்சை மாதங்களையும் அடித்துவிடுங்கள், அந்த முகங்களில் கவலை தெரியும்.

இரண்டாவது: சூரியன் எங்கே நிற்கிறது

பருவம் என்பதைப் படம் எடுக்கிறவர் கண்ணால் பார்த்தால், அது சூரியனின் உயரம்தான். சூரியன் தலைக்கு மேலே நின்றால் பாட்டியின் கண்குழிக்குள் நிழல் விழுந்து கண்ணே தெரியாது. மூக்கின் நிழல் மேலுதட்டில் கறுப்பாக உட்கார்ந்துகொள்ளும். சூரியன் சாய்ந்து வந்தால் அதே முகத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைகிறது, கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப்புள்ளி மின்னுகிறது. அந்தப் புள்ளி இருக்கிற கண்தான் உயிரோடு நம்மைப் பார்க்கும்.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது, நேர் வெயிலில் முகம் எடுக்க வேண்டாம். நிழல் உங்கள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீண்டால் சூரியன் 27 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, தொடங்கலாம். ஐந்து மடங்கு ஆனால் 11 டிகிரி, எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான்.

கோல்டன் ஹவர் என்று சொல்கிறார்களே, அது சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 6 டிகிரிக்குள் இருக்கிற பொழுது. அப்போது ஒளி காற்று மண்டலத்தைக் குறுக்காகக் கடந்து வருகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது கடக்கும் காற்றைப் போல் அடிவானத்தில் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். நீலம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் ஆரஞ்சும் நம்மிடம் வந்து சேருகின்றன. வெளிச்சத்தின் காரம் குறைவதால் யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை.

பெயரில் ஹவர் இருக்கிறதே என்று ஒரு மணி நேரத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். பூமத்திய ரேகைப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும், அந்த 6 டிகிரியைக் கடக்க 25 நிமிடம்தான். 60 டிகிரி அட்சரேகையில் அது சாய்ந்து சாய்ந்து இறங்குவதால், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களிலேயே கிட்டத்தட்ட 50 நிமிடம் கிடைக்கும். அதே 60 டிகிரி வடக்கில் டிசம்பர் 21 அன்று நண்பகலிலும் சூரியன் 7 டிகிரியைத் தாண்டுவதில்லை. பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவுதான், ஆனால் அந்தப் பகல் முழுவதுமே சாய்ந்த பொன் வெயில். குளிர்காலத்தில் படம் எடுக்க முடியாது என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது: இரண்டு கணக்கையும் சேருங்கள்

இங்கேதான் பருவம் தானாக முடிவாகும். ஒரு குழந்தை இரவு ஏழரைக்குத் தூங்கும் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை அதன் நல்ல நேரம்.

அந்தக் குடும்பம் 50 டிகிரி வடக்கில் இருந்தால், ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் ஊராக இருந்தால் சூரியன் மறைய ஒன்பதைத் தாண்டிவிடும். நல்ல வெளிச்சம் வரும்போது குழந்தை கனவு கண்டுகொண்டிருக்கும். அக்டோபர் முதல் வாரத்தில் அதே இடத்தில் ஏறத்தாழ ஆறரைக்குச் சூரியன் மறைகிறது. ஐந்தே முக்காலுக்கு இடத்தில் நின்றால் போதும். இலையும் அப்போது நிறம் மாறத் தொடங்கியிருந்தால் அது மேலதிக லாபம். தெற்கு அரைக்கோளத்தில் மாதங்களை ஆறு ஆறாகத் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்: அங்கே கோடையின் உச்சம் டிசம்பர், இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கு எளிது. 10 டிகிரி அட்சரேகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். வருடம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. அங்கே பருவத்தை முடிவு செய்வது மழையும் புழுக்கமும் தூசியும்தான்.

சாயங்காலம் ஒத்துவரவில்லை என்றால் காலையைப் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. காலையில் குழந்தைகள் தெளிவாக இருப்பார்கள், இடம் காலியாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். உயர்ந்த அட்சரேகையில் கோடைக்காலச் சூரியோதயம் நாலு, ஐந்து மணிக்கே வந்துவிடும், அது யாருக்கும் ஆகாது. ஆனால் 50 டிகிரியில் டிசம்பர் சூரியோதயம் ஏறக்குறைய எட்டு மணிக்கு. எழுந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, நிதானமாகக் கிளம்பினாலும் பொன் வெயில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

நான்காவது: ஒவ்வொரு பருவமும் என்ன கொடுக்கும், என்ன கேட்கும்

கோடையில் விடுமுறை உண்டு, வெறுங்காலில் ஓடலாம், தண்ணீரில் இறங்கலாம். குழந்தைகள் குழந்தைகளாக இருப்பது அப்போதுதான். ஆனால் வேர்வை நெற்றியில் பளபளக்கும், கண் சுருங்கும். மர நிழலில் நிற்கும்போது இலை இடைவெளி வழியே வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு கன்னத்தில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் எந்த ஆப்பாலும் அதை அழகாக நீக்க முடியாது. அடர்ந்த நிழல் தேடுங்கள், அதிலும் நிழலின் விளிம்புக்கு இரண்டடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நில்லுங்கள். பச்சைப் புல்லில் உட்காரும்போது புல்லின் நிறம் தாடைக்குக் கீழே ஏறும், வெள்ளைச் சட்டையில் இன்னும் நன்றாகத் தெரியும்.

மழைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதைத் தொடவே பயப்படுகிறார்கள். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். சின்ன விளக்கு கூர்மையான நிழல் தரும். மேகம் மூடினால் அந்தச் சின்ன விளக்கு மறைந்து வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. நிழல் கரைந்துபோகிறது. தாத்தாவின் சுருக்கமும் பேத்தியின் வழவழப்பும் ஒரே படத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பது இந்த வெளிச்சத்தில்தான். யாரை எங்கே நிறுத்தலாம் என்ற கவலை பாதியாகக் குறையும்.

மழை ஓய்ந்த அரை மணி நேரம் இன்னும் விசேஷம். காற்றில் இருந்த தூசி தரையில் படிந்திருக்கும், தூரத்து மரமும் துல்லியமாகத் தெரியும். நனைந்த மரப்பட்டை கறுத்து, அதன் மேல் இலைப் பச்சை எடுப்பாக நிற்கும். தேங்கிய தண்ணீர் ஓரம் கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அதில் குடும்பம் தலைகீழாக நிற்பது தெரியும். குழந்தை அதில் குதிக்காமல் இருக்காது. குதிக்கட்டும், அதுதான் நீங்கள் சட்டம் போட்டு மாட்டப்போகிற படம்.

மூட்டத்துக்கும் சில விதிகள் உண்டு. மேகம் ரொம்பக் கனத்தால் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரும், கண்ணுக்குக் கீழே மெல்லிய நிழல் தட்டும். அப்போது எல்லோரையும் சற்று நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளுங்கள். வெறும் வெள்ளை வானம் படத்துக்குள் வராமல் மரத்தையோ சுவரையோ பின்னால் வையுங்கள். நிறம் நீலத்தில் சாயும், கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, மேகக் குறிக்கு மாற்றினால் தோல் நிறம் திரும்பிவிடும். இடி கேட்டால் மட்டும் பேரமே இல்லை: உடனே உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

இலையுதிர்காலத்தில் பச்சையம் சிதைந்து, அதுவரை அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சில மரங்களில் சிவப்பு நிறமி அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு அதிகம். உயரமான இடங்களிலும் துருவத்துக்கு நெருங்கிய இடங்களிலும் முதலில் மாறும். ஆக, ஒரே மலையில் மேலே தவறவிட்டதைச் சில நாள் கழித்துக் கீழே பிடிக்கலாம். உச்ச நாளையே துரத்த வேண்டாம். இலை பாதி மரத்திலும் பாதி தரையிலுமாக இருக்கும் வாரம்தான் எனக்கு உகந்தது, தரையும் நிறமாக இருக்கும், குழந்தைகளுக்கு அள்ளி வீச ஏதாவது கிடைக்கும்.

வசந்தத்தில் பூ ஏமாற்றக்கூடியது. பல பூமரங்களில் முழுப் பூப்பு ஒரு வாரம் நின்றால் அதிகம், ஒரு காற்று மழை போதும் எல்லாம் தரைக்கு வந்துவிட. மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் கண் சிவந்து மூக்கு ஒழுகும். அவர்களுக்கு வேறு பருவம் பார்ப்பதே நல்லது. பூ உதிர்ந்து இளம் இலை விட்ட வாரங்களை யாரும் தேடுவதில்லை. பின்னாலிருந்து வெயில் பட்டால் அந்தத் தளிர் விளக்குப் போட்டதுபோல் இருக்கும்.

குளிர்காலச் சூரியனைப் பற்றி முன்பே சொன்னேன். பனி விழும் இடமாக இருந்தால் இன்னொரு வரமும் சேரும்: புதுப் பனி மேலே விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது, தாடைக்கும் கண்ணுக்கும் கீழிருந்து வெளிச்சம் ஏறுகிறது. ஆனால் கேமரா வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மூக்கு சிவப்பதற்குள், அதாவது வெளியே வந்த முதல் பத்து நிமிடத்துக்குள், முகம் நெருக்கமாகத் தெரியும் படங்களை முடித்துவிடுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டைக்கு உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். திரும்பி வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள், ஈரம் பைக்கு வெளியே படியும். புழுக்கமான ஊரில் இதே கதை தலைகீழ்: ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லென்ஸ் பனி மூடிக்கொள்ளும், அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது: இடத்தை அதே வாரத்தில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

இடம் தெரிந்த இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். சூரியன் வருடம் முழுக்க நேர் மேற்கில் மறைவதில்லை. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில்தான் நேர் மேற்கு. 10 டிகிரி அட்சரேகையில் ஜூனிலும் டிசம்பரிலும் அதிலிருந்து சுமார் 24 டிகிரி விலகும், 50 டிகிரியில் 38 டிகிரி. ஜூனில் இரண்டு மரங்களுக்கு நடுவே வெளிச்சம் நுழைந்து தலைமுடி ஓரம் தங்கமாக மின்னிய அதே இடம், டிசம்பரில் கட்டடத்தின் நிழலுக்குள் கிடக்கும். மேற்கே குன்றோ உயரமான கட்டடமோ இருந்தால் மொபைல் ஆப் காட்டும் சூரியன் மறையும் நேரத்துக்கு அரை மணி முன்பே வெயில் போய்விடும்.

அங்கே நின்று கையை முகத்துக்கு நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்குங்கள். மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், கண்ணை முட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பக்கம் விரல் கணுக்களுக்கு இடையே நிழல் கறுத்து, தோலில் ஒவ்வொரு கோடும் வெட்டியதுபோல் தெரியும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் அந்தக் கோடுகள் மென்மையாகி, கை வயது குறைந்ததுபோல் மாறும் ஒரு திசை வரும். குடும்பத்தின் முகம் அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். தரையில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். அப்படியே கொசு கடிக்கிறதா, தரை சேறாக இருக்கிறதா, பாட்டி உட்கார ஏதாவது உண்டா என்பதையும் பார்த்துவிடலாம்.

ஆறாவது: நாளைக் குறியுங்கள், மாற்று நாளையும்

ஒரே நாளை நம்பினால் அன்று மேகத்தைவிட நம் முகம் கறுத்திருக்கும். அடுத்த வாரத்திலேயே ஒரு மாற்று நாளை எல்லோருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். படம் எடுக்க ஆளை அமர்த்துவதாக இருந்தால், நீங்கள் விரும்புகிற பருவத்தையே பலரும் விரும்புவார்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே பேசுங்கள். மழை வந்தால் என்ன ஏற்பாடு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் முன்னால் மணிவாரி வானிலையைப் பாருங்கள். மழை வாய்ப்பை மட்டும் பார்த்து ஒத்திப்போடாதீர்கள், அது எந்த மணிக்கு என்பதுதான் முக்கியம். மேகம் பாதி இருந்தால் நல்லது. காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் மாற்று நாளுக்குப் போய்விடுவேன், நீளமான தலைமுடி முகத்தை விடாது.

உடையைப் பருவத்தின் நிறத்துக்கு எதிராகவே எடுங்கள். பச்சைக்குள் பச்சையும், சிவந்த இலைக்குள் சிவப்பும் காணாமல் போகும். கண்ணைப் பறிக்கும் நிறங்களின் சாயல் பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் ஏறும்.

அன்றைக்கு: சூரியன் மறைய 45 நிமிடம் இருக்கும்போது இடத்தில் இருங்கள், பூமத்திய ரேகைப் பக்கமும் இதே கணக்குத்தான். முழுக் குடும்பப் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள், குழந்தையின் பொறுமை அப்போதுதான் புதிதாக இருக்கும். இரண்டு வரிசையாக நின்றால், இரண்டு வரிசையும் தெளிவாக விழ லென்ஸ் துளையின் அளவு (அப்பர்ச்சர்) எஃப் 5.6 அல்லது எஃப் 8, ஓடும் குழந்தைக்கு ஷட்டர் ஸ்பீட் நொடியில் 250-ல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகம். மொபைல் என்றால் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். சூரியன் மறைந்ததும் எல்லோரும் பையைக் கட்டத் தொடங்குவார்கள். இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். வானம் பெரிய விளக்காக மாறி, முகங்களில் நிழலே இல்லாத வெளிச்சம் வரும், வேலை முடிந்தது என்று எல்லோரும் உடம்பைத் தளர்த்தியிருப்பார்கள், குழந்தை அப்பா தோளில் ஏறியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே தேதியில் சூரியன் அதே இடத்துக்கு வரும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் ஜூன் 21-ஐ நடுவில் வைத்து எண்ணுங்கள். அதற்கு 40 நாள் முன்னால், மே 12 அன்று நின்ற உயரத்திலும் திசையிலும் 40 நாள் பின்னால், ஜூலை 31 அன்றும் சூரியன் ஏறக்குறைய அப்படியே நிற்கும். டிசம்பர் 21-ஐ நடுவில் வைத்தாலும் சூரியன் போகும் பாதை இதேபோல் ஒத்துவரும், கடிகார நேரம் மட்டும் அரை மணி வரை மாறும். அன்று அழுத குழந்தைக்கு அந்த இடைவெளியில் ஒரு பல் கூட முளைத்திருக்கும்.